ஒத்தைக் கொம்பின் சத்தம்

சத்தியம் தம்பி. மாதா மேல் சத்தியம், இந்த பஸ் ஓடுகிற ரோட்டின் மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் மேல் சத்தியம். இப்போது நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும், ஆத்தூர் பாலம் வருவதற்குள் இந்தப் பற்கள் அத்தனையும் என் மடியில் கொட்டட்டும். பல்லின் மேல் சத்தியம் பண்ணுகிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குப் பல் எவ்வளவு பெரிய சொத்து என்பது போகப் போகத் தெரியும்.

முன் சீட்டுக்காரர்கள் ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்? நான் மெதுவாகத்தானே பேசுகிறேன். பார்க்கட்டும். நீங்கள் இந்தப் பக்கம் மாறி உட்காருங்கள், என் வலது கைப் பக்கம். அந்தப் பக்கம் என்ஜின் இரைச்சல். ஆங், இப்போது சரி. தலை நரைத்த ஆளைப் போய்த் தம்பி என்கிறானே என்று நினைக்காதீர்கள். என் வயதுக்கு இந்த பஸ்ஸில் எல்லாரும் தம்பிதான், டிரைவரையும் சேர்த்து.

மடியில் இருக்கிற பையைத்தானே பார்க்கிறீர்கள்? கிட்டார். எலெக்ட்ரிக் கிட்டார். கண்டக்டர் இதை மேலே கம்பித் தட்டில் போடச் சொல்கிறான். போடுவேனா? அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன். இப்போது இது ஒரு பயணி. உங்களுக்கு இருக்கிற உரிமை இதற்கும் இருக்கிறது.

எலெக்ட்ரிக் கிட்டாரில் எனக்குத் தெரிந்து இரண்டே வகைதான். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் வெட்டி, ஆட்டுக்கிடா மாதிரி நிற்பது ரெட்டைக் கொம்பு. ஒரு பக்கம் மட்டும் வெட்டி, மறுபக்கம் நல்ல வீட்டுப் பெண்ணின் தோள் மாதிரி வழிந்து இறங்கினால் அது ஒத்தைக் கொம்பு. கம்பெனிக்காரன் என்ன பேர் வைத்தானோ, தூத்துக்குடியில் நாங்கள் வைத்த பேர் இதுதான். என்னையே ஒத்தைக்கொம்பு கஸ்பார் என்றுதான் கூப்பிடுவார்கள். ரெட்டைக் கொம்பின் சத்தம் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி. பழைய ஒத்தைக் கொம்பின் சத்தம் அப்படியில்லை. கருப்பட்டிப் பாகு, கரண்டியிலிருந்து ஒழுக மனசில்லாமல் ஒழுகுமே, அந்தப் பதம். கனத்த மரம், கனத்த சத்தம். ஒரு தந்தியைத் தட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போய், ரொட்டி சால்னா சாப்பிட்டு, கை கழுவி, கடைக்காரனோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்தால், அது அங்கே இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். சிரிக்காதீர்கள். பல்லின் மேல் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் சமையல்காரன் கொடுத்தது. எதற்குக் கொடுத்தான்? ஒரு பெட்டி மக்ரூனுக்கு. தின்றுவிட்டு அந்த வெள்ளைக்காரன் அழுதான், தம்பி. இவ்வளவு நாள் நான் சமைத்ததெல்லாம் சமையலா என்று தன் கரண்டியைக் கடலில் எறிந்துவிட்டு, கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனான். அதை வைத்துத்தான் எங்கள் குழுவே பிறந்தது. நெய்தல் மெல்லிசைக் குழு. நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள்.

குழுவை நடத்துகிறவன் ரெமிஜியுஸ். என் தங்கச்சி மாப்பிள்ளை. பாடகன். குரல் பரவாயில்லை, ஆளைத்தான் பார்க்கச் சகிக்காது. மீசைக்குச் சாயம் அடிக்கிறான். மேடை விளக்குச் சூட்டில் அது வேர்வையோடு இறங்கி உதட்டுக்கு வரும். அதை நக்கிக்கொண்டே காதல் பாட்டுப் பாடுவான். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எனக்கு எத்தனை வருஷமாக இறங்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் கப்பல் கிட்டார் என்ன ஆனது? செல் தின்றுவிட்டது. கரையான்தான், வேறென்ன. ஒரு நாள் ஒத்திகைக்கு எடுக்கிறேன், கழுத்து என் கையோடு வந்துவிட்டது, உடம்பு பையிலேயே இருக்கிறது. உள்ளே பார்த்தால் வெள்ளை வெள்ளையாய் நெளிகிறது. சீ. ஆனால் அதன் பெருமையைப் பாருங்கள், உள்ளே முழுக்க அரித்துப்போயும் சத்தத்தில் ஒரு குறை இல்லை. ரெமியும் கீபோர்டுக்காரனும் இரண்டு வருஷமாகவே, கரகரங்குது மச்சான், கரகரங்குது மச்சான் என்று அரற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கரகரப்பும் கேட்டதில்லை. பொறாமை பிடித்த காதுக்குத்தான் அதெல்லாம் கேட்கும்.

இது நடந்தது சிலுவைத்துறைத் திருவிழாவுக்குச் சற்று முன்னால். சிலுவைத்துறை தெரியுமா? கடலோரக் கிராமம். மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் கச்சேரி, அன்றும் இன்றும் எங்களுடையது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டுக்கு யாரும் கை தட்டமாட்டார்கள். பழைய பாட்டு வேண்டும், அதுவும் ரெக்கார்டில் இருந்த மாதிரியே வேண்டும். ஒரு பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக வருகிற இடம் ஒன்று இருக்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த இடம் வருகிறபோது ஊரே பேச்சை நிறுத்தும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்கூட நிறுத்துவாள். அதில் ஒரு சுரம் மாறினால் மறு வருஷம் அந்தக் குழு ஊருக்குள் கால் வைக்க முடியாது. கமிட்டித் தலைவர் கபிரியேல் வில்லவராயர் ரெமியிடம் சொல்லி அனுப்பிவிட்டார். போன தடவை கிட்டார் என்னமோ மாதிரி இருந்ததாம், இந்தத் தடவையும் அப்படி என்றால் நாகர்கோவில் குழுவைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம்.

என்னமோ மாதிரியாம். அந்த மனுஷன் காதுக்குள்ளிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு முடி தொங்கும். அந்தப் புதருக்குள் சத்தம் எப்படிப் போகும்? இவரெல்லாம் தலைவர். தூ. மன்னியுங்கள், ஜன்னலுக்கு வெளியேதான் துப்பினேன்.

ரெமி வீட்டுக்கு வந்தான். என் தங்கச்சி ரோசலினையும் கூட்டிக்கொண்டு வந்தான், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, ஏதோ கசப்பு மருந்து கொடுக்கப் போகிறார்கள். தலையைச் சொறிந்தான், காப்பி குடித்தான், அப்புறம் சொன்னான்.

"மச்சான், நல்ல ஒத்தைக் கொம்பு கெடச்சா நீங்கதான் வாசிக்கணும். கெடைக்கலன்னா இந்த வருசம் டெல்மா வாசிக்கட்டும். நீங்க மொத வரிசையில நாற்காலி போட்டு உக்காந்து கேளுங்க."

டெல்மா அவன் மகள். என் மருமகள். பேங்கில் வேலை பார்க்கிறாள். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வைத்திருப்பது ரெட்டைக் கொம்பு. வாசிக்கும்போது அவள் காலடியில் சோப்புப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி. அதை மிதித்தால் எந்தக் கிட்டார் சத்தமும் வருமாம். கருப்பட்டி வேண்டும் என்றால் பனை ஏற வேண்டும், தம்பி. சோப்புப் பெட்டியை மிதித்தால் நுரைதான் வரும்.

நாற்காலி போட்டுக் கேட்கவா? நானா? குழு தொடங்கிய நாளிலிருந்து ரெமிக்கு இடப்பக்கம் என் இடம். மேடையில் அந்த இடம் போனால் அப்புறம் எனக்கு எந்த இடம்? பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. வீட்டில் ரேடியோகூட ரிப்பேர், எவ்வளவு திருகினாலும் முணுமுணுக்கிறது, மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டேன், மூன்று பேரும் நல்லாத்தான் இருக்கு என்று திருப்பிக் கொடுத்தார்கள். வேலை தெரியாத பயல்கள். ஆகவே கிட்டார் கிடைத்தே ஆகவேண்டும். புறப்பட்டோம் மதுரைக்கு, நான், ரெமி, டெல்மா.

மதுரையில் அது பெரிய கடை. பேர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, உள்ளே பிணவறைக் குளிர். சுவர் முழுக்கக் கிட்டார்களைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டிருந்தான். கசாப்புக் கடை மாதிரி. பச்சையில் ஒன்று, பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒன்று, மண்டையோடு வரைந்தது ஒன்று. கிஷோர் என்று பேர், கழுத்துப்பட்டை கட்டிய ஒரு விற்பனைப் பையன். எனக்குப் பழைய ஒத்தைக் கொம்புச் சத்தம் வேண்டும் என்றேன். உதட்டை அசைத்து ஏதோ சொன்னான். இந்தக் காலத்துப் பயல்கள் வாயைத் திறந்து பேசுகிறார்களா? எல்லாம் தொண்டைக்குள்ளேயே. டெல்மாதான் எனக்கு நேராக நின்று எடுத்துச் சொன்னாள்.

முதலில் ஒன்றைக் கொண்டுவந்தான், வெல்வெட்டுப் பெட்டியில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி. ஒத்தைக் கொம்புதான். ஆனால் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. வார்னிஷ் உரிந்து, விளிம்பெல்லாம் தேய்ந்து, திருகாணியில் துரு. முதுகில் பெல்ட்டு பக்கிள் கீறிய தடம். யாரோ செத்தவன் கிட்டாரா என்று கேட்டேன். இல்லையாம். போன மாசம் செய்ததாம்.

"புதுசுதான் சார். கைவேலையா பழசாக்கினது. அதான் விலை கூட."

கேட்டீர்களா? புதுக் கிட்டாரை எடுத்து, உப்புத்தாளால் உரசி, துரு ஏற்றி, கீறல் போட்டு, அதற்குக் கூடுதல் விலை. புதுப் பெண்ணின் முகத்தைச் சுரண்டிக் கிழவியாக்கிக் கல்யாணச் சந்தையில் நிறுத்துவார்களா? அருவருப்பாக இருந்தது தம்பி, நிஜமாகவே அருவருப்பு. கைவேலையாகப் பழசானதற்கே இந்த விலை என்றால், நான் வெயிலிலும் உப்புக்காற்றிலும் சொந்தமாகப் பழசாகி உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேனே, எனக்கு ஒரு விலை சொல் பார்ப்போம் என்றேன். ரெமி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

இருந்தாலும் கேட்டுப் பார்க்க வேண்டுமே. இங்கேதான் பல் வருகிறது. கிட்டாரைத் தேர்வு செய்ய எனக்கு ஒரு முறை உண்டு. தந்தியைத் தட்டிவிட்டு, கிட்டாரைத் தூக்கி, அந்தக் கொம்பைக் கடைவாய்ப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும். மரத்துக்குள் ஓடுகிற சத்தம் தாடை வழியாக நேரே மண்டைக்குள் வரும். நடுவில் காற்றுக் கிடையாது, கலப்படம் கிடையாது. அந்தக் கப்பல் சமையல்காரன் சொல்லிக்கொடுத்த ரகசியம். முன்னெல்லாம் எனக்கு அது தேவைப்படவில்லை. இந்த நாலைந்து வருஷமாகத்தான், காதால் கேட்பதெல்லாம் பாமரர்களுக்கு என்று விட்டுவிட்டேன்.

கிஷோர் பதறிப்போனான். வாயெல்லாம் வைக்கக் கூடாது சார் என்றான், அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு துணியை எடுத்துவந்து நான் கடித்த ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து மாட்டினான். முகத்தை அப்படிச் சுளிக்கிறான். அவனுக்கு அருவருப்பாம். எனக்கு மட்டும் என்ன, விருந்தா? எல்லாக் கிட்டாருக்கும் ஏதோ எலுமிச்சை நாற்றமடிக்கிற எண்ணெய் தடவி வைத்திருந்தான். பாத்திரம் கழுவுகிற சவுக்காரத்தை நக்கின மாதிரி இருந்தது. இதில் உரசிப் பழசாக்கினதன் துரு வேறு. அதைக் கடித்துவிட்டுப் போய் வாய் கொப்பளித்தேன்.

ஒன்றும் தேறவில்லை. ஒவ்வொன்றும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மந்தமாக இருந்தது. மேல் தந்திகளுக்கு இந்தக் காலத்தில் சத்தமே வைப்பதில்லை போலிருக்கிறது. ஆம்ப்ளிபையரைக் கூட்டச் சொன்னேன். கூட்டினான். இன்னும் கூட்டு என்றேன். பல்லி கத்துகிற மாதிரி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறான்.

நடுவில் டெல்மா சும்மா இருக்கமாட்டாமல், சுவரிலிருந்து ஏதோ மலிவான ஒன்றை எடுத்து, பையிலிருந்து அந்தச் சோப்புப் பெட்டியையும் எடுத்து, மாட்டி, நம் பாட்டின் அந்த இடத்தை வாசித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாசித்தாள், அவ்வளவுதான். விரல் நன்றாக ஓடியது, என் கையைப் பார்த்து வளர்ந்தவள்தானே. ஆனால் கடையில் இருந்த பையன்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். கிஷோர் துணியோடு அப்படியே நின்றான். ரெமி கண்ணைத் துடைத்தான், சாயம் கன்னத்துக்கு வந்துவிட்டது. ஏசிக் குளிர் சிலருக்கு அப்படித்தான், கண்ணில் நீர் வரும்.

கடைசியில் கிடைத்தது, தம்பி. மூலையில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. தண்டனை கொடுத்த பிள்ளை மாதிரி. பீட்ரூட் நிறம். ஒத்தைக் கொம்பு. அதை எடுக்காதீங்க சார் என்று கிஷோர் கையை ஆட்டினான். விற்க மனசில்லாத சரக்கு என்றால் நல்ல சரக்கு என்றுதானே அர்த்தம்? மாட்டு என்றேன். ஆம்ப்ளிபையரை நானே கடைசி வரை திருகினேன். தட்டிவிட்டுக் கொம்பைக் கவ்வினேன்.

என்னத்தைச் சொல்ல. கடைவாயிலிருந்து உச்சந்தலைவரை ஒரு நடுக்கம் ஏறியது. அந்தக் கப்பல், அந்தச் சமையல்காரன், அந்தக் கருப்பட்டி, எல்லாம் மண்டைக்குள் வந்து நின்றது. மேல் தந்திகூடக் கேட்டது. எத்தனையோ காலமாகக் கேட்காத மேல் தந்தி. என் கண்ணும் கலங்கியது, அது ஏசியால் இல்லை.

கண்ணைத் திறந்து பார்க்கிறேன், அந்தச் சத்தத்தின் கம்பீரம் தாங்காமல் கடையே கலங்கிப்போயிருந்தது. ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். கண்ணாடிக் கதவு நடுங்குகிறது. ரெமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறான், பக்தியில் குனிகிற மாதிரி. டெல்மா வந்து ஆம்ப்ளிபையரை அணைத்தாள். எனக்கு நேரே நின்று சொன்னாள்.

"மாமா, இது கீச்சுங்குது மாமா. பல்லெல்லாம் கூசுது."

"பல்லு கூசுதா? அப்பம் ஒனக்கும் பல்லால கேக்க வருதுட்டீ" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ரெமி வேண்டாம் என்றுதான் தலையாட்டினான். அதற்குள் கடை மேனேஜர் வந்துவிட்டார். கொம்பில் என் பல் தடம் இரண்டு, வரிசையாக, அழகாகப் பதிந்திருந்தது. மற்றதையெல்லாம் பதமாகத்தான் கடித்தேன், இதை மட்டும் ஆசையில் கொஞ்சம் அழுத்திவிட்டேன். கடிச்சத இனி யாருக்கு சார் விக்கிறது என்று அவர் கேட்டார். அவ்வளவுதான், தேர்வு முடிந்தது. மாதாவே முடிவு பண்ணிக்கொடுத்தாள். காசு கொடுத்து உரசிப் பழசாக்குகிறான்களே, என் கிட்டாரை நான் பல்லால் பழசாக்கிக்கொண்டேன். இதோ, பையைத் திறந்து காட்டுகிறேன். தடவிப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், காய்ந்துதான் இருக்கிறது.

கச்சேரிக்கு முந்தின நாள் சாயங்காலம் சிலுவைத்துறை மைதானத்தில் கமிட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன். குழாய் ஸ்பீக்கரெல்லாம் கட்டியாகிவிட்டது, அதன் வழியாக ஊர் முழுக்கப் போனது. என்ன நடந்தது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கட்டிக் கிடந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டன. ஆடு தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும், அது கழுத்தளவு தண்ணீரில் நின்று கேட்டது. நாய்களெல்லாம் மேல்வானத்தைப் பார்த்துக் கூடச் சேர்ந்து பாடின. பங்குச் சாமியார் பாதி சவரத்தில், ஒரு கன்னம் நுரையோடு ஓடி வந்தார். வில்லவராயர் அந்த முடி தொங்குகிற காதில் கையை வைத்து, நெற்றியைச் சுருக்கி, அவ்வளவு கவனமாகக் கேட்டார். அப்புறம் ரெமியின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், ரொம்ப நேரம் பேசினார். பாராட்டுவதென்றால் முகத்துக்கு நேரே பாராட்ட வேண்டியதுதானே. பெரிய மனிதர்களுக்கு அந்தப் பண்பெல்லாம் எங்கே?

அவர் போன பிறகு ரெமியும் டெல்மாவும் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மேடையிலிருந்து பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, காற்று அந்தப் பக்கம் அடித்தது. அவன் கையைக் கையை விரிக்கிறான். அவள் முடியாது முடியாது என்று தலையாட்டுகிறாள். என் பக்கம் கையைக் காட்டி என்னவோ சொல்கிறாள். அவன் அழுதுவிடுவான் போல நிற்கிறான். நாற்காலி வந்துவிட்டது, முதல் வரிசை நாற்காலி, அதைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கிட்டாரைப் பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி யாராவது கேட்டாலும் தரக் கூடாது என்று.

டெல்மா வந்தாள். கீழே உட்கார்ந்தாள், என் முகத்துக்கு நேரே. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"மாமா, நாளைக்கு நீங்கதான் வாசிக்கிய."

"கமிட்டிக்குப் புடிச்சிருக்கா?"

"எனக்குப் புடிச்சிருக்கு மாமா" என்றாள். "நான் சும்மா பின்னால இருந்துக்கிடுதேன்."

பார்த்தீர்களா? சோப்புப் பெட்டிக்காரியே ஒத்துக்கொண்டுவிட்டாள்.

மறுநாள் மேடைக்குப் போனால் எனக்குப் பின்னால் புதிதாக ஒரு திரை தொங்குகிறது. எதற்கு என்றேன். அழகுக்கு என்றான் ரெமி. நீல நிறத்தில் ஜிகினா ஒட்டின திரை, அவ்வளவு கேவலமான திரையை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. டெல்மா அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ரெமிக்கு அன்றைக்கு என்னிடம் ஒரு மரியாதை, ஒரு கவனிப்பு. என் வயரை அவனே செருகினான். அதை அவனே ஜமுக்காளத்துக்கு அடியில் தள்ளி, கால் தடுக்கும் மச்சான் என்று ஓரத்தை மடித்துவிட்டான். சவுண்டு சர்வீஸ்காரனைக்கூடத் தொடவிடவில்லை.

அந்தப் பாட்டு வந்தது. அந்த இடமும் வந்தது. ஊர் பேச்சை நிறுத்தியது, எனக்குத் தெரியும், வாய்கள் அசையவில்லை. நான் வாசித்தேன். சத்தம் பலகை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. முந்தின நாள் வந்த சத்தம் மாதிரி இல்லை, அது ஊசி, இது உருண்டு திரண்டு, கனத்து, கணுக்காலைச் சுற்றிக்கொள்கிறது. கருப்பட்டி, தம்பி. கப்பல் கிட்டாரின் அதே கருப்பட்டி. கடைசி சுரத்தை இழுத்துப் பிடித்துவிட்டு நான் கொம்பைக் கவ்வினேன், கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. நங்கூரம் போட்டிருந்த படகுகள் தாமாகவே கரைப்பக்கம் மூக்கைத் திருப்பின. தூரத்தில் கலங்கரை விளக்கம் சுற்றுவதை நிறுத்தி, வெளிச்சத்தை என் மேலேயே வைத்துக்கொண்டு நின்றது. வேண்டுமானால் அந்த ஊரில் கேளுங்கள். வில்லவராயர் மேடையேறி வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தும்போது என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே, அந்தக் கேவலமான திரையைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு மனிதனைக் கௌரவிக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டாமா? சீ, என்ன வளர்ப்போ.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம். காதைக் கொடுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சவுண்டு சர்வீஸ்காரன் வயர் சுற்ற வந்தான். என் வயரை நானே சுற்றுவேன், மற்றவன் சுற்றினால் முறுக்கு விழும். ஜமுக்காளத்தைத் தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டே போனேன். அது ஆம்ப்ளிபையருக்குப் போகவில்லை, தம்பி. எதற்கும் போகவில்லை. மடித்த ஓரத்துக்கு அடியில், என் நாற்காலிக் காலில், ஒரு கைக்குட்டையால் சுற்றிக் கட்டியிருந்தது. ரெமியின் கைக்குட்டை. மீசைச் சாயம் கறுப்பாய் ஒட்டியிருந்தது. தொடவே கூசியது.

புரிகிறதா? வயரே இல்லாமல் பாடியிருக்கிறது இந்தக் கிட்டார். கரண்டு இல்லாமல், பெட்டி இல்லாமல், ஒரு ஊருக்கே கேட்கிற மாதிரி. நான் பல்லால் பொறுக்கி எடுத்தது சும்மா போகுமா?

நான் என்ன செய்தேன்? வயரை இருந்த மாதிரியே கைக்குட்டையால் கட்டினேன். ஜமுக்காளத்தை மடித்துவிட்டேன். ரெமி, வயரைச் சுத்தணும்லா, நீயே சுத்திரு மாப்பிள என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் ரோசலின் வீட்டில் புட்டு. டெல்மாவின் இடது கை விரல்நுனியெல்லாம் சிவந்து தடித்திருந்தது. டம்ளரைக்கூட உள்ளங்கையால்தான் பிடித்தாள். துணி துவைச்சேன் மாமா என்றாள். நான் நல்லெண்ணெய் கொண்டுவரச் சொல்லித் தடவிவிட்டேன். அவ்வளவு நேரம் அவ்வளவு அழுத்தித் துணி துவைக்கக் கூடாது, அதிலும் அந்தக் கடைசித் துணியை அப்படி இழுத்துப் பிடித்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதிலிருந்து வருஷா வருஷம் நான்தான். இன்றைக்கும் அங்கேதான் போகிறேன். அவர்களெல்லாம் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். திரை கட்ட வேண்டுமே. வேன் குலுக்கலில் இது கெட்டுப்போகும் என்று நான் பஸ்ஸில் வருகிறேன்.

இதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. என் விரல் முன்போல் இல்லை, சில இடத்தில் தங்கிவிடும். கிட்டார் என் விரலுக்கு முன்னால் போய்விடும். அப்போது நான் வியர்த்துப்போவேன். ஆனால் பாருங்கள், அது ஒரு இழுப்பு இழுத்து, அங்கேயே நிற்கும். நான் வந்து சேருகிறவரை நிற்கும். முதுகுப் பக்கமிருந்து யாரோ பார்த்துக்கொண்டே இருந்து, இதோ வந்துவிட்டார் என்று தெரிந்ததும் சேர்ந்து அடியெடுத்து வைக்கிற மாதிரி. எந்தக் கடையில் கிடைக்கும் தம்பி அப்படி ஒரு கிட்டார்?

அதோ கோபுரம் தெரிகிறது. நான் இறங்க வேண்டும். கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். ஆத்தூர் பாலம் எப்போதோ தாண்டிவிட்டது, பல் எல்லாம் இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. இதை யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னாலும் யார் சொன்னது என்று சொல்லாதீர்கள். பக்கத்து சீட்டில் ஆளே இல்லை, டிக்கெட் எடுத்த ஒரு பைதான் இருந்தது என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாக ரெமி காதுக்கு மட்டும் போகக் கூடாது. பாவம், வயரைக் கட்டச் சாயம் படாத கைக்குட்டையாக வேண்டும் என்று, ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவன் புதுசு வாங்குகிறான்.